டிரைவர் வீட்டு ஏசி

பின்தெருவில் யாரோ ஒருவர் வீட்டில் பழைய ஏசி தீப்பிடித்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த கணவனும் மனைவியும் எழுந்திருக்கவே இல்லையாம். கீழ்வீட்டு அக்காவுக்கு இதைச் சொன்னது அவளுடைய நாத்தனார். நாத்தனாருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால், எல்லோரும்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று பதில் வந்ததாம். எந்த வீடு, போனவர்கள் யார், ஒன்றும் தெரியாது. ஆனால் அது ஜன்னலில் பொருத்துகிற பெட்டி ஏசி என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

"பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க சிஸ்டரம்மா," என்றாள் அக்கா, வாசலில் நின்றபடியே. "உங்க வீட்டு ஏசி சத்தம் கீழ வரைக்கும் கேக்குது. என் வீட்டுக்காரர், மேல என்ன மாவு மில்லு வச்சிருக்காங்களான்னு கேக்கறார்."

"மாவு அரைச்சா உங்களுக்குக் குடுக்காமலா இருப்போம்?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் டிரைவர்.

அக்கா சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். சிஸ்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் குடியிருப்பில் அவளை எல்லோரும் சிஸ்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெறும்வரை பெரிய மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். பாதி வாழ்க்கை இரவு டியூட்டியிலேயே கழிந்தது. ஊர் எழுந்திருக்கும்போது அவள் படுக்கப் போவாள். ஜன்னலுக்குக் கீழே லாரி, பள்ளிக்கூட வேன், பால்காரன் மணி என்று ஒன்று மாற்றி ஒன்று. தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு அவள் புரள்வதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் கணவர் அந்த ஏசியை வாங்கி மாட்டினார். அவர் நகரப் பேருந்து ஓட்டியவர்; குடியிருப்புக்கு அவர் டிரைவர்தான். "குளிருக்காக இல்ல. இது போடுற சத்தத்துல வெளிச் சத்தம் அமுங்கிடும். எங்க வண்டியில இன்ஜின் பக்கத்து சீட்லதான் எல்லாரும் நல்லாத் தூங்குவாங்க," என்றார். அவர் சொன்னது போலவே அவள் தூங்கினாள். வருடக்கணக்காக, பட்டப்பகலில், அந்த இரைச்சலுக்குள் சுருண்டு தூங்கினாள்.

இப்போது இரவு டியூட்டி இல்லை. ஏசி மட்டும் இருக்கிறது. அதற்கும் வயதாகிவிட்டது. முகப்புத் தகடு கடகடக்கிறது. அடியில் துரு. போடும்போது ஒரு முறை உடம்பை உதறிக்கொள்ளும். டிரைவருக்கு அது இல்லாமல் ஆகாது. மழை நாளில்கூட, குளிர் வேண்டாம், காற்று மட்டும் வந்தால் போதும் என்று ஓட விட்டுக்கொண்டிருப்பார். "போர்வையையும் போத்திக்கிட்டு ஏசியையும் போட்டுக்கிற மனுஷனை இப்பத்தான் பாக்கறேன்," என்று அவள் எத்தனையோ முறை கடிந்திருக்கிறாள். அவர் சிரித்து மழுப்பிவிடுவார்.

தீப்பிடித்த கதை கடல் தாண்டவும் அதிக நேரம் ஆகவில்லை. கீழ்வீட்டு அக்காவின் மகனும் இவர்கள் மகளும் ஒன்றாகப் படித்தவர்கள். மறுநாள் காலையிலேயே மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, எனக்கு இங்க தூக்கமே இல்ல. அந்தப் பெட்டியை முதல்ல கழட்டு."

"யார் வீடுன்னே தெரியாதுடி. வதந்தியா இருக்கும்."

"வதந்தியாவே இருக்கட்டும். நாளைக்கு உண்மையானா நான் என்ன செய்வேன், சொல்லு? நான் பார்த்து வச்சிட்டேன். சுவத்துல மாட்டறது. ஓடுதா இல்லையான்னே தெரியாது, அவ்வளவு அமைதி. கட்டிலுக்கு நேர் மேல மாட்டிடலாம். ஏசி இருந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டா ரூமுக்கே வெளிச்சம் வரும். நாளைக்குக் காலையில ஆள் வருவாங்க. சாயங்காலத்துக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"அப்பா ஒத்துக்கணுமே."

"அப்பாவுக்கு என்னவாம்?"

அப்பாவுக்கு என்ன என்று சிஸ்டரம்மாவுக்கும் புரியவில்லை. எதற்கும் பிடிவாதம் பிடிக்கிற ஆள் இல்லை. இதில் மட்டும் கல்லாக நின்றார். "ஓடுற வரைக்கும் ஓடட்டும். நின்னா பாத்துக்கலாம்," என்பதற்கு மேல் பேச்சில்லை.

அவள் மெக்கானிக்கை வரச் சொன்னாள். ஒரு முடிவுக்கு வர வேண்டுமே.

மெக்கானிக் நடு வயதுக்காரர். வாய் ஓயாது, கையும் ஓயாது. முகப்பைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டு, "இதுக்கு வயசு என் பொண்ணைவிட அதிகம்மா. அவளுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு," என்றார்.

"இன்ஜின் எப்படி?" என்றார் கட்டிலில் உட்கார்ந்திருந்த டிரைவர்.

"கம்ப்ரஸர் நல்லாத்தான் ஓடுது ஐயா. உள்ள இருக்கிற குழாய், அந்தக் காயில்தான் அரிச்சுப் போயிருக்கு."

"இன்ஜின் நல்லாயிருந்தா வண்டி ஓடும். பாடியைப் பார்த்து வண்டியைக் கழிக்கக் கூடாது."

"உங்க டிப்போவா இருந்தா இதை எப்பவோ ஏலம் விட்டிருப்பாங்க ஐயா."

சிஸ்டரம்மா நேராகக் கேட்டாள். "தீப்பிடிக்குமா?"

மெக்கானிக் பிளக்கைப் பிடுங்கி அவள் பக்கம் காட்டினார். ஒரு முனை கருகி இளகியிருந்தது. "பிளக்கை மாத்திடறேன். வயரையும் மாத்திடறேன். அதனால ஒண்ணும் வராது. காயில்ல ஓட்டையை அடைச்சு கேஸ் ஏத்தினா இந்தக் கோடை தாண்டும். ஆனா அடுத்த கோடைக்கு நான் பொறுப்பில்லம்மா. இதுக்குச் சாமான் கிடைக்கறதே இல்ல. ஒரு நாள் ஓடிக்கிட்டே இருக்கும்போது பட்டுன்னு நின்னுடும். எங்க வீடா இருந்தா மாத்திடுவேன்."

"இப்போதைக்கு ரிப்பேர் பண்ணுங்க," என்றார் டிரைவர், மனைவியைக் கேட்காமலே.

மதியம்வரை வேலை நடந்தது. கிளம்பும் முன் மெக்கானிக் தன் கையால் ஓர் உபகாரமும் செய்தார். பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டுகளை அடிச் சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் திணித்தார். கடகடத்த முகப்பை முடுக்கினார். வயதானவர்கள் மேல் நேராகக் காற்றுப் படக்கூடாது என்று தகடுகளைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டார். "இப்பக் கேளுங்க. கேக்குதா? கேக்கல இல்ல? அதான் நம்ம வேலை!"

உண்மையிலேயே கேட்கவில்லை. மின்விசிறி சுற்றும் ஓசைதான் இருந்தது. அறைக்குள் அப்படி ஓர் அமைதியை அவள் அனுபவித்ததே இல்லை. மெக்கானிக்கை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

டிரைவர் கட்டிலிலிருந்து எழுந்து பாத்ரூமுக்குப் புறப்பட்டிருந்தார். எப்போதும் போல இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு வந்த நடை அது. மேற்பார்வையாளர் மாதிரி நடக்கிறார் என்று அவள் கேலி செய்வாள். பாத்ரூம் கதவு எதிரே இருந்தது. அவரோ வலது பக்கம் திரும்பி, தயக்கமில்லாமல் நாலு எட்டு வைத்து, அலமாரிக் கண்ணாடியில் போய் நெற்றியை மோதினார்.

கண்ணாடி அதிர்ந்தது. அவர் கையை நீட்டி அதைத் தடவினார். தன் முகத்துக்கு நேரே, தன் முகத்தையே தடவினார்.

"லைட்டைப் போடலையா?" என்றார்.

வெயில் கட்டில்வரை வந்து விழுந்து கிடந்தது.

சிஸ்டரம்மா கிட்டே போய், அவர் கண்களுக்கு முன்னால் கையை மெதுவாகக் கொண்டுபோனாள். இமை அசையவில்லை. இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். வார்டில் எத்தனையோ பேருக்குச் செய்த சோதனைதான்.

"எப்பயிலருந்து?"

அவர் கையை நீட்டிக் கட்டிலைத் தேடினார். அவள்தான் பிடித்து உட்கார வைத்தாள். நெற்றி புடைத்துக்கொண்டு வந்தது. ஈரத்துணியை வைத்து அழுத்தினாள்.

"வலது கண்ணு மழைக்காலத்துலயே போயிடுச்சு," என்றார் கடைசியில். "இடதுல கொஞ்ச நாள் ஜன்னல் தெரிஞ்சது. அப்புறம் அதுவும் இல்ல."

"கண் அழுத்தத்துக்கு நான் தினமும் சொட்டு மருந்து விட்டேனே!"

"விட்டே. அது உன் தப்பில்ல."

"யார் தப்புன்னு நான் கேக்கல. வார்டுக்குள்ள நுழையும்போதே எவன் மாத்திரையைத் துப்பினான்னு கண்டுபிடிக்கிறவ நான். என் வீட்டுல என்னை இப்படி முட்டாளாக்கிட்டீங்களே."

"டிப்போ டாக்டரையே ஏமாத்தினவங்கம்மா நாங்க. கண்ணாடி போடணும்னு எழுதிட்டா ரூட்டை மாத்திடுவாங்கன்னு, எழுத்துப் பலகையை மொத்த செட்டும் மனப்பாடம் பண்ணிட்டுப் போவோம். முன்னாடி போனவன் வெளிய வந்து பின்னாடி நிக்கிறவன் காதுல சொல்லுவான்."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவு வந்தது. உன் குரலில் கேட்டால்தான் செய்தி புரிகிறது என்று பேப்பரை வாசிக்கச் சொன்னது. டாக்டரிடம் போக வேண்டிய நாள் வரும்போதெல்லாம் காலில் வலி என்றது. டீ டம்ளரை வைக்கிற ஓசை கேட்ட பிறகே கையை நீட்டியது. அத்தனையும் அவள் கண்ணெதிரே நடந்திருக்கிறது.

"எப்படி நடந்தீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். கொஞ்சம் தப்பாகத் திருப்பினார்.

"அது கடகடக்கிறது முதுகுக்குப் பின்னால கேட்டா பாத்ரூம் நேரா இருக்கும். வலது காதுல கேட்டா ஹால் வாசல். காத்து கழுத்துல பட்டா கட்டில் முடிஞ்சதுன்னு அர்த்தம். ஹாலுக்குள்ள வந்தும் கேக்கும். தடவிக்கிட்டே நடந்தா நீ கண்டுபிடிச்சிடுவே. அதான் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டேன்."

மழை நாளிலும் அது ஓடியதற்குக் காரணம் இப்போது விளங்கியது. அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வரும்போது கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

முகப்பின் திருகுகளைத் தளர்த்தினாள். ரப்பர்த் துண்டுகளை நெம்பி எடுத்தாள். தகடுகளை நேராக்கினாள். பெட்டி ஒரு முறை உடம்பை உதறிக்கொண்டு பழையபடி கடகடக்க ஆரம்பித்தது. அவருடைய தோள்கள் இறங்கின. யாரும் சொல்லாமலே எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நேரே பாத்ரூம் வாசலுக்குப் போனார். நிலைப்படியில் காலைத் தூக்கி வைத்தார். பார்வை உள்ள எவனும் அதைவிட நன்றாக நடந்திருக்க மாட்டான். அதுதான் அவளை உடைத்தது.

அவர் வெளியே வந்ததும் கேட்டாள். "இது பட்டுன்னு நின்னுடும்னு அந்த ஆள் சொன்னது காதுல விழுந்துச்சா? நான் கடைக்குப் போயிருப்பேன். நீங்க நடு ரூம்ல நிப்பீங்க. அப்ப?"

"அப்ப நின்ன இடத்துலயே நிப்பேன். நீ வருவே."

"நான் வரலன்னா?"

அவர் கட்டிலுக்கு நடந்து போய் உட்கார்ந்தார்.

"இந்தக் கோடைக்கு மட்டும் இது இருக்கட்டும்," என்றாள். "இது ஓடும்போதே நீங்க வேற மாதிரி நடக்கக் கத்துக்கணும். சுவத்தைத் தொட்டு, குச்சி வச்சு, என் கண்ணு முன்னாடியே. அப்புறம் புதுசு போட்டுக்கலாம். நாளைக்கு ஆள் வேண்டாம்னு சொல்லணும். அதுக்குப் பாப்பாகிட்ட காரணம் சொல்லணும்."

"வேற ஏதாவது காரணம் சொல்லு."

"எதைச் சொல்ல?"

"போன வாரம்கூட கண்ணு எப்படிப்பா இருக்குன்னு கேட்டா. பஸ்ஸே ஓட்டலாம்னு சொன்னேன்." அவர் குரல் தணிந்தது. "கண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடுவேன்னு சொல்லியிருக்கா. அந்த வேலை கிடைக்க அவ பட்ட பாடு உனக்குத் தெரியாதா? என் ஒருத்தனுக்காக அவ வாழ்க்கை ரிவர்ஸ் எடுக்கணுமா?"

"தெரிஞ்சா வருவாளோ மாட்டாளோ, அது அவ முடிவு. தெரியாமலே வச்சிருந்து, பின்னால ஒரு நாள் யாரோ ஒருத்தர் சொல்லி அவ தெரிஞ்சுக்கணுமா? பின்தெருவுல யாருக்கோ என்னமோ ஆச்சாம்னு கேட்டதுக்கே அங்க தூங்காம கிடக்கறா."

அவர் ஏசியின் பக்கம் தலையைச் சாய்த்தார். பிறகு சட்டைக் காலரை இழுத்து நேர் செய்துகொண்டார்.

"சத்தம் போடுற ஏசியா ஏதாவது கிடைக்குமான்னு கேளு. அமைதியா இருக்கறதுக்குத்தான் எல்லாரும் அதிக விலை சொல்றாங்க."

அவள் போனை எடுத்தாள். மகளின் பெயரைத் தொட்டாள். ஒரு கணம் யோசித்து, வீடியோவிலேயே போட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனைக் கைக்கெட்டிய தூரத்தில் பிடித்தாள்.

"நெத்தியில அடி தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது."

திரையில் அவர்கள் இருவர் முகமும் சின்னதாகத் தெரிந்தது. எப்போதும் மகள் திரையில் வருவதற்குள் சிஸ்டரம்மா அவர் முகவாயைப் பிடித்துக் கேமராவின் பக்கம் திருப்பிவிடுவாள். இவருக்கு எங்கே பார்த்துப் பேசுவதென்றே தெரியாது என்று சிரித்துக்கொண்டே செய்வாள். இன்று அவர் முகம் போனுக்கு அப்பால், சுவரைப் பார்த்தபடி இருந்தது. அவள் அதைத் திருப்பவில்லை.

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.