முள்கரண்டியைத் தூக்கிய வெர்னா

கனடாவில் எங்கள் சஸ்காச்சுவான் குளிரில் எதுவும் கெட்டுப்போகாது. இறைச்சியும் கெடாது, மனசுக்குள் போட்டு வைத்த கோபமும் கெடாது. வெர்னா கொவால் தன் கோபத்தை ஒரு வருஷத்துக்கு மேல் விறைக்க விறைக்க வைத்திருந்தாள். வெளியே எடுத்தபோது அன்றைக்குத்தான் அறுத்த மாதிரி இருந்தது.

ஆள் ஐந்தடிகூட இல்லை. ஆனால் அவள் கதவைச் சாத்தினால் பக்கத்து ஊர்க் கோழி பயந்து முட்டை போடும். புருஷன் போனபிறகு தனியாகவே மாடு வளர்க்கிறாள். அவள் மந்தைக்குத் தலைவி ஓல்கா என்கிற சிவப்பு மாடு. எங்கள் எல்லாருக்கும் கோடை மேய்ச்சல் ஓடைக்கு அக்கரையில். நடுவே ஒரு மரப்பாலம். எந்தப் பண்ணை மாடானாலும், ஓல்கா பாலத்தில் கால் வைத்தால்தான் கால் வைக்கும். இல்லாவிட்டால் ராணுவமே வந்து தள்ளினாலும் நகராது.

வறட்சி வந்த வருஷம் அது. பெட்ரோல் பங்க் காப்பிக் கடையில் காலையில் கூடிப் பகடை உருட்டுவோம். தோற்றவன் எல்லாருக்கும் காப்பி வாங்க வேண்டும். அங்கே வெர்னா வாய் தவறிச் சொல்லிவிட்டாள்: "குளிர்காலத்துக்கு ஸ்வென்சன்கிட்ட புல்லு பேசி வெச்சிருக்கேன்." பக்கத்துப் பண்ணை லைல் பிங்க்ஹாம் காதை முறம் மாதிரி விரித்துக் கேட்டான். மறுநாள் விடிவதற்குள் லாரியோடு போய், கூடக் காசு கொடுத்து, புல் விற்கிற ஸ்வென்சனிடம் இருந்த முழுவதையும் வாரிவிட்டான். பல் குத்த ஒரு துரும்பு மிச்சமில்லை.

தீனி இல்லாமல் வெர்னா பாதி மந்தையைச் சந்தையில் ஏலம் விட வேண்டியதாயிற்று. ஓல்காவும் போனது. முன்வரிசையில் கேக் தின்றுகொண்டிருந்த லைல், கேக் குத்தியிருந்த முள்கரண்டியையே தூக்கிக் காட்டி ஏலம் கேட்டான். எங்கள் யாரிடமும் காசில்லை. ஓல்கா அவனுக்கே போனது.

"அழாத வெர்னா. மாடுதானே! இந்தா, ஒரு வாய் கேக் சாப்பிடு" என்றான்.

வெர்னா அந்தக் கேக் தட்டை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனாள். எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த மார்ச்சில் ஊர் மன்றத்தில் அரசாங்கக் கூட்டம். மேய்ச்சல் காப்பீட்டில் புது விதி வந்திருக்கிறது என்று ஒரு அதிகாரி வந்தார். இந்தக் காப்பீட்டில் நம் நிலம் காய்ந்ததா என்று யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். நாம் எந்த மழைமானியைத் தேர்ந்தெடுத்தோமோ, அதில் மழை குறைந்தால்தான் பணம்.

"இனிமே பக்கத்துல இருக்கிற மழைமானியத்தான் எடுக்கணும்னு இல்லீங்க. மாவட்டத்துல எதை வேணா எடுக்கலாம்" என்றார் அதிகாரி.

"சகாரா பாலைவனத்துல ஒண்ணு இருந்தா எனக்குப் போட்டுக்குங்க சார்" என்றேன் நான். அதிகாரி சிரிக்கவில்லை.

லைலுக்குச் சொந்தமாக யோசிக்கிற பழக்கம் கிடையாது. வெர்னா தும்மினால் அவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான். அவள் வாங்கிய ஜாதிக் காளைதான் அவனும் வாங்குவான், அவள் விதைத்ததைத்தான் விதைப்பான்.

அது வெர்னாவுக்கும் தெரியும். கூட்டம் முடிந்ததிலிருந்து தினமும் வடக்கே மலையடிவாரத்து மழைமானிப் பக்கம் பிக்கப்பை நிறுத்தினாள். வண்டிக்குள் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றாள். வானத்தைப் பார்த்தாள். பெரிய விஞ்ஞானி மாதிரித் தலையை ஆட்டினாள்.

"ஏம்மா வெர்னா, மலையடிவாரத்துல என்ன வேலை?" என்று காப்பிக் கடையில் லைல் கேட்டான்.

"காத்து நல்லாருக்கு."

"காத்து வாங்கவா அவ்ளோ தூரம்? பொய்யி."

"சரி, பொய்யி" என்று பகடையை உருட்டினாள்.

அவன் போனதும் நான் கேட்டேன்: "நெசமாவே அங்க மழை பெய்யாதா?"

"எனக்கென்ன தெரியும்? மேகத்துக்கு நான் மாமியாரா? அவன் என் வண்டியப் பாத்தானா இல்லியா?"

"பாத்தான்."

"போதும்."

காப்பீட்டுக்குப் பதிவு செய்கிற கடைசி நாளில் லைல் மலையடிவாரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்த்தபிறகே அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தாள். நம்ம ஊர் மழைமானியை எழுதிக் கொடுத்தாள். மீதியை வானத்திடம் விட்டாள்.

வானமும் லைல் மேல் ஏதோ கடுப்பில் இருந்திருக்க வேண்டும். அந்தக் கோடையில் மலையடிவாரத்தில் தவளைக்கே ஜலதோஷம் பிடிக்கிற மழை. எங்கள் பக்கமோ ஒரு தூறல் இல்லை. வெட்டுக்கிளிகள் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தன. வெர்னாவுக்குக் காப்பீடு வந்தது, முதல் ஆளாகப் புல் வாங்கினாள். லைலின் மழைமானி நிரம்பி வழிந்தது. நிலம் மொட்டைத் தலையாகக் கிடந்தது. பணம் ஒரு காசு வரவில்லை.

இலையுதிர் காலத்தில் தீனிக்குக் காசில்லாமல் லைல் வயசான மாடுகளை மட்டும் பாலம் தாண்டி ஓட்டிவந்து ஏலத்துக்குக் கொண்டுபோனான். இளசுகள் மிச்சப் புல்லை மேயட்டும் என்று அக்கரையில் விட்டான். அந்தக் கிழடுகளுக்கு முன்னே நடந்து வந்தது ஓல்கா. அதை அவன் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஏலத்தில் வெர்னா முன்வரிசையில் கேக்கோடு உட்கார்ந்திருந்தாள். ஓல்கா உள்ளே வந்ததும் முள்கரண்டியைத் தூக்கினாள். ஏலக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் அத்தனை பேரும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தோம். எனக்கு மூக்கு அரித்தது, முழங்காலால் சொறிந்துகொண்டேன்.

"யோவ், யாராவது கேளுங்கய்யா! நல்ல மாடுய்யா!" என்று லைல் கத்தினான்.

"நல்ல மாடுன்னு தெரியும்டா. வெர்னா மாடாச்சே!" என்றேன்.

அடிமாட்டு விலையில் ஓல்கா வெர்னாவுக்குப் போனது. அவள் எழுந்து போய் லைலிடம் தட்டை நீட்டினாள்.

"அழாத லைல். மாடுதானே! ஒரு வாய் கேக் சாப்பிடு."

முதல் பனி விழுந்ததும் அவன் மிச்ச மாடுகளை ஓட்டிவரப் போனான். ஒன்றுகூடப் பாலத்தில் கால் வைக்கவில்லை. கெஞ்சினான், அடித்தான், முன்னால் தானே மாடு மாதிரி நடந்தும் காட்டினான். கடைசியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெர்னா வீட்டு வாசலுக்கு வந்தான்.

"ஒரே ஒரு மணி நேரம் ஓல்காவ அனுப்பு வெர்னா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"கேட்டுச் சொல்றேன்" என்று தொழுவத்துக்குப் போனாள். சாவகாசமாகத் திரும்பி வந்தாள்.

"வர மாட்டேங்குது, லைல்."

கதவைச் சாத்தினாள். பக்கத்து ஊரில் அன்றைக்கு முட்டை மலிவு.