சாக்குக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவே

ஜாம் காய்ச்சுவது சுலபம். யாருக்கு எத்தனை பாட்டில் தருவதாகச் சொன்னோம் என்பதை மறக்காமல் இருப்பதுதான் தொழில். வீட்டோடு கம்பெனியும் நடத்தி அல்லல்படும் சகோதரிகளுக்கு இது புரியும்.

மேடையில் ஒரு படம்

மலைமேல் அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டுப் பின்கட்டுதான் கம்பெனி. ஆர்டர் எடுக்கும் செல்வியிடம் ஒரு சாஃப்ட்வேர். அதில் யார் கேட்டார்கள் என்று இருக்கும். முற்றத்துக்கு அந்தப் பக்கம், குடோன் மாரியப்பனிடம் இன்னொன்று. அதில் சரக்கு என்ன இருக்கிறது என்று இருக்கும். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. செல்விதான் ஜன்னலில் நின்று கத்துவாள். தகரக் கூரையில் மழை பெய்தால் அதுவும் போச்சு.

கல்யாண சீசனுக்குள் இரண்டையும் இணைத்தே தீருவது என்று சமையல் மேடையில் சாக்பீஸால் படம் போட்டேன். இத்தனை வருஷம் சாம்பாரா ரசமா என்று மட்டுமே திட்டம் போட்ட மூளை, துள்ளிக் குதித்தது. என் கணவர் படத்தைப் பார்த்தார். "கான்வென்ட்ல படிச்சவ நீ. சாஃப்ட்வேர்காரங்ககிட்ட நீயே பேசிக்க. இப்ப தோசை எங்க ஊத்துவ?"

மூன்று பேரில் ஒருத்தி

இணைப்பு வேலைக்கு மதுரையிலிருந்து பிரகாஷ் வந்தார். வத்தலக்குண்டு தாண்டியதிலிருந்து வாந்தியாம். வந்ததும் சுக்குக் காபி கொடுத்து உட்கார வைத்தேன், இரக்கத்தால் அல்ல, அவசரத்தால்.

முதல் சிக்கல், ஒரே வாடிக்கையாளருக்கு மூன்று பெயர். செல்வியிடம் 'திண்டுக்கல் மங்கை அம்மா'. மாரியப்பனிடம் 'பிளம்ஸ்காரம்மா'. பில் அவர் வீட்டுக்காரர் பெயரில். மகள் கல்யாணத் தாம்பூலப் பைக்கு எங்கள் பிளம்ஸ் ஜாம்தான் என்று சொல்லிவைத்திருந்தவர். பழ சீசன் முடிந்துவிட்டது. இருக்கிற பாட்டில் போனால் அடுத்த வருஷம்தான். இனி ஆளுக்கு அடையாளம் ஃபோன் நம்பர் என்று தீர்ப்புச் சொன்னேன். பிரகாஷ் தலையைப் பிடித்துக்கொண்டார். "மேடம், மலை ஏறினப்ப சுத்துனதைவிட இப்பத்தான் ஜாஸ்தி சுத்துது."

சாக்கு சொன்ன சேதி

ஒத்திகை. பிரகாஷ் வாடிக்கையாளர் மாதிரி, பிளம்ஸ் ஜாம் மொத்தத்தையும் கேட்டார். சாஃப்ட்வேர் சந்தோஷமாகச் சரி என்றது. மங்கை அம்மாவின் கல்யாண ஜாம் கண்ணெதிரே விலைபோனது!

விஷயம் இதுதான். பழைய வாடிக்கைக்குச் சொன்ன சரக்கை மாரியப்பன் கீழ்த்தட்டில் இறக்கி, மேலே ஒரு சாக்கை விரிப்பார். சாக்கு கிடந்தால் யாரும் தொடக் கூடாது. அது எங்களுக்குத் தெரியும், சாஃப்ட்வேருக்கு யார் சொன்னது? நல்ல வேளை, ஒத்திகையிலேயே சிக்கியது. சரக்குக் கணக்கில் 'எடுத்து வச்சது' என்று தனிக் கட்டம் போடச் சொன்னேன். அதில் ஏறியது செல்வியின் திரையில் விற்பனைக் கணக்கில் வராது, யாருக்கு என்று மட்டும் காட்டும். மாரியப்பன் யோசித்தார். "கட்டத்துல வெரசா ஏத்திக்கங்கம்மா. சாக்கு அதுபாட்டுக்கு கெடக்கட்டும்."

கத்தாத செல்வி

மறுபடி ஒத்திகை. பிரகாஷ் கேட்டார், இல்லை என்றது சாஃப்ட்வேர். இல்லை என்ற சொல்லுக்கு நான் கைதட்டியது அன்றுதான்.

அந்த நேரம் பார்த்து மங்கை அம்மாவே ஃபோன். செல்வி உட்கார்ந்த இடத்திலேயே திரையைப் பார்த்து, உங்களுடையது பத்திரம் என்றாள். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது: "ஏன் செல்வி, மாரியப்பனைக் கூப்பிட்டுக் கேக்காமயே இருக்குங்கிறியே, நெசமாவே இருக்கா?"

இரண்டு சாஃப்ட்வேரும் இப்போது காதோடு காதாகப் பேசிக்கொள்கின்றன. மங்கை அம்மாவின் மன நிம்மதிக்காக மட்டும் செல்வி ஜன்னலில் நின்று கத்துகிறாள்.