காட்மியமும் கைக்குழந்தையும்

மின்வெட்டு ஊரையே படுத்திக்கொண்டிருந்த காலத்தில் நான் வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆராய்ச்சியில் இருந்தேன். ஒரகடம் பக்கத்தில் கல்லூரி, சேரப்பணஞ்சேரியில் வாடகை வீடு. பகலில் என் மகளைப் பார்த்துக்கொண்டது வீட்டுக்கார அக்காதான். "ஊருக்கு வோணாம், எம் வூட்டு ஃபேனுக்காச்சும் கரண்டு குடேன்" என்று கிண்டல் செய்வார். நான் செய்த சோலார் செல் விரல் நகம் அளவுதான். அதை வைத்து ஓர் ஈயைக்கூட விரட்ட முடியாது.

கண்ணாடித் துண்டின் மேல் வெள்ளை டைட்டானியம் பசையைப் பூசி உலையில் சுடுவோம். ஆறியதும் காட்மியம் கரைசலில் முக்கி அலச வேண்டும். பிறகு சல்பைடு கரைசலில் முக்கி அலச வேண்டும். திரும்பத் திரும்ப இதே வேலைதான். ஒவ்வொரு முறை முக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத மணிகள் பசையின் துளைகளில் வந்து ஒட்டும். அவற்றுக்குக் குவாண்டம் புள்ளிகள் என்று பெரிய பெயர். வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரானைப் பசைக்குத் தள்ளிவிடுவது அவைதான். வெள்ளை மெல்ல மெல்ல மஞ்சளாகும். கடைசியில் எதிரே இன்னொரு மின்முனையை வைத்துக் கிளிப்பால் கவ்வி, நடுவே சல்பைடு திரவத்தைச் சொட்டி, விளக்கடியில் வைத்து மீட்டரைப் பார்ப்போம்.

அந்த மஞ்சள் எனக்கு உயிர். ஆனால் காட்மியம் விஷம். கையுறை, கோட்டு எல்லாம் உண்டு, இருந்தாலும் கைக்குழந்தைக்காரிக்கு மனசு கேட்குமா? குளித்து உடை மாற்றாமல் மகளைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

மாலையில் நான் வந்ததும் அக்காவின் இடுப்பிலிருந்து இரண்டு கைகளையும் நீட்டுவாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குளியலறைக்குள் ஓடுவேன். வெளியே அவள் அழுவாள். தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு உள்ளே நானும் அழுவேன்.

ஒருநாள் அவள் கை நீட்டவில்லை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கீழே இறங்கத் திமிறினாள். கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கொட்டிவிட்டேன்.

"நாளைக்கே கைடு சார்ட்ட சொல்லிட்டு நின்னுருதேன். எம் பிள்ளைக்கே நான் வேண்டாதவளா ஆயிட்டேன்."

"அவசரப்படாதட்டி. பிள்ளை எங்க போயிரப் போவுது?"

அவர் மடியில் பிள்ளை சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவருக்கென்ன, சொல்லுவார்.

மறுநாள் சார் கல்லூரிக்கு வரவில்லை. சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே வீடு திரும்பினேன். யார் முகத்தையும் பார்க்காமல் நேரே குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டேன். வெளியே அழுகையே இல்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால், வாசலில் கிடந்த ஈரச் சாக்கின் மேல் என் மகள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தபடி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"இன்னாமா முழிக்கிற?" என்றார் பின்னால் நின்ற அக்கா. "நேத்தும் இங்க வர்றதுக்குத்தான் அந்தத் துள்ளு துள்ளுச்சு. ஈரத்துல வழுக்கும்னு நான்தான் தூக்கினு போய்ட்டேன். உள்ள போற அம்மா தூக்க மாட்டா, வெளிய வர்ற அம்மாதான் தூக்குவான்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு."

அந்தச் சாக்கிலேயே உட்கார்ந்து அவளை வாரிக்கொண்டேன். என் தலையிலிருந்து சொட்டிய தண்ணீரை அவள் நக்கிப் பார்த்தாள்.

அடுத்த நாள் சார் வந்திருந்தார். புதிதாகக் கொஞ்சம் கண்ணாடித் துண்டுகள் வேண்டும் என்று கேட்டேன்.