காட்டன், தண்ணி!

தி.நகரில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் எங்களுக்குப் பெயர் கிடையாது. எந்த செக்‌ஷனில் நிற்கிறோமோ அதுதான் பெயர். நான் காட்டன். எனக்கு எதிரே பட்டு அக்கா. முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடி "காட்டன்!" என்று குரல் கொடுத்தால், மடித்துக்கொண்டிருக்கும் புடவையை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும்.

கடையை மூடியபோது எங்கள் எல்லோருக்கும் மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. நாளைக்கு, நாளைக்கு என்று முதலாளி இழுத்தடித்தார். பட்டு அக்காதான் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போய் வழக்குப் போட்டார். முதலாளியிடமிருந்து பதில் வந்தது: இவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது.

சம்பளச் சீட்டோ அடையாள அட்டையோ அவர் கொடுத்ததே இல்லை. அங்கே வேலை செய்தோம் என்று காட்டினால்தான் பணம். கால் வீங்க வீங்க நின்றவளுக்கு, நின்றதற்கும் சாட்சி வேண்டுமாம். எனக்குக் கோபம்கூட வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது. பெரும்பாக்கம் வீட்டிலிருந்து வழக்குக்காக பஸ் ஏறி வருவதும் போவதுமாக இருந்தேன்.

ஒருநாள் தேனாம்பேட்டையில் தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் விசாரணை. முதலாளி உள்ளே நுழைந்ததும் நாங்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டோம்.

"இன்னாத்துக்கு எய்ந்த? குந்துமே," என்று பட்டு அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். அவரும் நின்றுகொண்டுதான் சொன்னார்.

"இவங்கள்ல யாரையாவது தெரியுமா?" என்று அதிகாரி அம்மா முதலாளியைக் கேட்டார்.

"ஒருத்தரையும் தெரியாது மேடம். கடைன்னா நூறு பேர் வருவாங்க, போவாங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் கட்டிவிட்டது. திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார்.

"காட்டன், தண்ணி!"

மூலையில் தண்ணீர் கேன் இருந்தது. நான் எழுந்து போய் டம்ளரில் பிடித்து வந்து, இரண்டு கையாலும் கொடுத்தேன். பாதி குடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவருடைய வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி எழுத ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் பட்டு அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். "கெலிச்சுட்டோம்மே! எல்லாம் உன்னாலதான். இன்னா, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

அவர் சொன்னபடியே ஆயிற்று. பணம் தவணை தவணையாக வந்து சேர்ந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அந்த நாளை நினைத்தால் ஒன்றுதான் ஞாபகம் வருகிறது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மீதித் தண்ணீரையும் குடித்து முடிக்கும்வரை, காலி டம்ளரை வாங்கிக்கொள்ள நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.