கத்தினால் விடும் பிடி

என் அக்காவைக் கட்டியவர் ஊருக்கெல்லாம் கராத்தே மாஸ்டர். என் தையல் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. சாயங்காலமானால் மேலே தடதடவென்று குதிப்பார்கள், கீழே எனக்குத் தையல் கோணும். இடுப்பிலிருக்கும் கறுப்புப் பட்டையை அத்தான் சாப்பிட உட்காரும்போது மட்டும்தான் அவிழ்ப்பார். அதற்கும் தொப்பைதான் காரணம், அடக்கம் இல்லை.

எதிர்க் கட்டடத்தில் தரைச் சண்டைக் கூடம் ஒன்று திறந்தார்கள். காலைப் பிடித்து விழத்தட்டி, மேலே ஏறி உட்கார்ந்து, கையை முறுக்குவது அவர்கள் வித்தை. அத்தானின் மாணவர்களில் பாதிப் பேர் அங்கே ஓடிவிட்டார்கள். இவர் சும்மா இருப்பாரா? ‘தரைச் சண்டைக்காரனை முறியடிக்கும் கராத்தே’ என்று வாசலில் பலகை மாட்டினார். பிறந்ததிலிருந்து ஒருவனோடும் தரையில் உருண்டதில்லை, அதற்குள் முறியடிப்பு.

அந்தப் பாடத்தைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஒரு மாணவன் குனிந்து வந்து மாஸ்டரின் காலைக் கட்டிக்கொள்வான். மாஸ்டர் ஒரு கத்துக் கத்தி, முழங்கையை அவன் முதுகுக்கு மேலே கொண்டுபோவார், படாமல். உடனே அவன் பிடியை விட்டு மல்லாந்து விழுவான். மாஸ்டர் கத்திய பிறகும் பிடித்துக்கொண்டிருப்பது அங்கே மரியாதைக்குறைவு. அந்த மரியாதையைத் தன் திறமை என்று மனுஷன் நம்பியே விட்டார். எதிர்க் கூடத்தில் ஒருவன் காலைப் பிடிக்க வந்தால் தங்கள் கால்களைப் பின்னால் வீசி, இடுப்பை வந்தவன் தோள்மேல் போட்டு அமுக்குகிறார்கள். கடை வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும். இவர் கண்ணுக்கு மட்டும் படவில்லை.

அதோடு போயிருந்தால் எனக்கென்ன வந்தது. ஞாயிற்றுக்கிழமை எதிர்க் கூடத்துப் பெண்ணோடு மோதத் தன் மகளை அனுப்புவதாகச் சவால் விட்டுவிட்டு வந்தார். கையை முறித்துப்போட்டால் யார் பதில் சொல்வது? தாய்மாமன் என்று நான் ஒருவன் எதற்கு இருக்கிறேன்? மாடியேறிப் போய்க் கேட்டேன்.

"அத்தான், உங்க பொண்ணு கத்துனா அந்தப் பொண்ணு விட்டுடுமா?"

"துணி வெட்டுறவனுக்கு இதெல்லாம் புரியாது மச்சான். இங்க பாரு." மகளைக் கூப்பிட்டார். "வாம்மா, வந்து பிடி."

அவள் குனிந்து பாய்ந்து இரண்டு முழங்கால்களையும் சேர்த்துக் கட்டினாள். அத்தான் கத்தினார். அவள் விடவில்லை. இன்னும் பலமாகக் கத்தினார். தடாலென்று விழுந்தவர் மேல் அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"விடும்மா."

"அந்தப் பொண்ணு விடமாட்டாப்பா. எனக்குப் பயமா இருக்கு. இங்க எல்லாரும் உங்களுக்காக விழறாங்க. ஞாயித்துக்கிழமை எனக்காக யாரு விழுவா?"

தரை வழுக்கிவிட்டது என்பார், முதுகு பிடித்துக்கொண்டது என்பார் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். அத்தானோ புரண்டு பார்த்தார், முடியவில்லை. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படியே கேட்டார்.

"இங்கேருந்து எப்படிம்மா எந்திரிக்கிறது?"

"எனக்கும் தெரியாதுப்பா," என்றாள். "எனக்கு மாஸ்டர் நீங்கதானே."