சார்ஜா போய் வந்த மதிப்பெண் பட்டியல்

சுடர்விழி டீச்சர் வீட்டு அலமாரியில் பதினோரு கால்குலேட்டர்கள் இருந்தன. ஒன்றைக்கூட அவர் தொட்டதில்லை. வகுப்பில் கால்குலேட்டரைக் கண்டால் பிடுங்கி வைத்துக்கொள்கிற டீச்சருக்கு, வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் பழைய மாணவர்கள் எல்லாரும் எப்படித்தான் யோசித்து அதையே வாங்கி வருகிறார்களோ, அவருக்குப் புரிந்ததில்லை. கூடவே ஒரு சென்ட் பாட்டிலும் வரும். அது அப்பா வீரையனுக்குப் போய்விடும். நடவு வயலுக்கு சென்ட் அடித்துக்கொண்டு போகிற ஒரே ஆள் அந்த வட்டாரத்தில் அவர்தான்.

பள்ளிக்கூடம் குத்தாலத்துக்குக் கிழக்கே ஒரு கடைத்தெருவின் கோடியில் இருந்தது. பெயர்ப்பலகையில் ஒன்றரை வரிக்கு ஒரு பெயர் உண்டு. யாரும் அதைப் படித்து முடித்ததில்லை. ‘சார்ஜா ஸ்கூல்’ என்றால் ஆட்டோக்காரருக்குப் போதும். சார்ஜாவில் இருபது வருடம் குழாய்க்கடையில் இருந்த ஜெக்கரியா, ஊர் திரும்பியதும் அங்குள்ள ஊர்க்காரர்களிடம் நன்கொடை திரட்டிக் கட்டிய மெட்ரிகுலேஷன் பள்ளி. அவரே தாளாளர். வளாகத்துக்குள் தமிழ் பேசக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதை அவர் தமிழில்தான் அமல்படுத்துவார்.

சுடர்விழி 1992இல் அங்கே சேர்ந்தார். கணக்கு சொல்லிக்கொடுக்கத்தான் சேர்ந்தார். ஆனால் பதினாறு வருடத்தில் வேன் ஏற்றிவிட்டார், ஆண்டு விழாவுக்கு மயில் நடனம் பழக்கினார், அறிவியல் டீச்சர் பிரசவத்துக்குப் போனபோது தவளையின் இதயத்தையும் போர்டில் வரைந்தார். மே மாத வெயிலில் வீடு வீடாகப் போய், "உங்க பிள்ளையை எங்க ஸ்கூல்ல சேருங்க" என்று கேட்பதும் டீச்சர்களின் வேலைதான். ஆளுக்குப் பத்துப் பிள்ளை பிடிக்க வேண்டும். இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டது, புரியாத கணக்கு புரிகிற அந்த நொடியில் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்கத்தான். மீதிப் பொறுமைக்கு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்த அரசுப் பணி காரணம்.

பிள்ளைகளிடம் அவருக்கு ஒரு வசனம் உண்டு. "நாத்து நட்டுட்டு வந்து படிச்சேன். பத்தாவதுல கணக்குல தொண்ணூத்தெட்டு. உங்களுக்கு என்ன கேடு?"

2008 டிசம்பரில் கடிதம் வந்தது. அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்கு நாகப்பட்டினத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் சான்றிதழ்கள் இல்லாமல் வருபவர்கள் பரிசீலிக்கப்பட மாட்டார்கள்.

அசல், சேர்ந்த நாள் முதல் தாளாளரின் பீரோவில் இருந்தது. டீச்சர்கள் நடுவருடத்தில் கிளம்பிவிடாமலிருக்க அந்தப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் இருந்த வழக்கம் அது. டீச்சர் போனால் சான்றிதழை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

"ஐயா, என் ஒரிஜினல் எல்லாம் வேணும். ஒரு நாளைக்குத்தான்."

"உட்காருங்க டீச்சர். டீ சாப்பிடுறீங்களா?"

பதினாறு வருடத்தில் ஜெக்கரியா யாருக்கும் டீ சொன்னதில்லை.

"பீரோவுல இல்லீங்க டீச்சர்."

"பின்ன எங்கங்க இருக்கு?"

"பத்திரமாத்தான் இருக்கு. சார்ஜாவுல."

ஆய்வுக்கூடத்துக்கு நன்கொடை கேட்கப் போனால், உங்கள் டீச்சர்கள் என்ன படித்தவர்கள் என்று அங்கே கேட்டுவிடுவார்களாம். "ஜெராக்ஸைக் காட்டினா ஸ்கூலுக்கு மரியாதையா? ஒரிஜினலாவே கொண்டு போனேன். வர்ற அவசரத்துல நம்ம அஸார் ரூம்ல தங்கிப்போச்சு."

உள்ளேயிருந்து அவர் மனைவி ஜன்னத் பீவியின் குரல் வந்தது. "அவசரம் இல்ல டீச்சர். பேரனுக்கு ரிமோட் காரு வாங்குனாரு. பெட்டியில இடம் பத்தல. காரு வந்துச்சு, நீங்க வரல."

ஜெக்கரியா டீயைக் குடித்தார். அது டீச்சருக்கு வந்த டீ.

மறுநாள் அஸாரிடமிருந்து போன் வந்தது. அஸார் ’98இல் பத்தாவது எழுதிய பையன். கணக்கில் தோற்று, மறுபடி எழுதாமலே விமானம் ஏறியவன்.

"ஃபைல் என் தலைமாட்டுலதான் இருக்கு டீச்சர். நம்ம மீரா உசேன் மச்சான் செவ்வாய்க்கிழமை காலையில திருச்சியில எறங்குறார். அவர் பெட்டியில வெச்சு அனுப்புறேன். சீர்காழியில அவர் வூட்டுல போயி வாங்கிக்குங்க."

"நீ நல்லா இருப்பே அஸார்."

"டீச்சர், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"கணக்குல நாப்பத்தி மூணா?"

சுடர்விழி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"யாருடா உன்னைப் பிரிக்கச் சொன்னது?"

"நம்ம தாளாளர் ஹாஜியார்தான் எல்லாருக்கும் காட்டுனார். ரூம்ல எட்டுப் பேர் டீச்சர், அதுல ஆறு பேர் உங்க கிட்ட படிச்சவங்க. ஆஸிம் அதைப் பார்த்துட்டு ரெண்டு நாள் சாப்பாட்டுக்கு நடுவுல நடுவுல சிரிச்சான்." குரலைத் தாழ்த்தினான். "அப்பவே சொல்லியிருக்கலாம் டீச்சர். தொண்ணூத்தெட்டு வாங்குன ஆளு முன்னாடி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கிறதுன்னுதான் நான் திருப்பி எழுதவே வரல. சரி, போன் கார்டு தீருது, வெச்சிடறேன்."

சுடர்விழி படித்த ஊர்ப் பள்ளியில் அந்த வருடம் கணக்கு வாத்தியாரே இல்லை. தானாகப் படித்துத் தானாக வாங்கிய நாற்பத்து மூன்று அது. கல்லூரியில் கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கியது வேறு கதை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பின்வரிசையை அடக்க வாயில் வந்த தொண்ணூற்றெட்டு அப்படியே குடியேறிவிட்டது. பதினாறு வருடத்தில் அவரே பாதி நம்பிவிட்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணிக்கு மீரா உசேன் வீட்டுக் கூடத்தில் பெட்டி இருந்தது. நீலக் கயிறு சுற்றி, நாலு பக்கமும் பெயர் எழுதிய பெட்டி. சுற்றி உறவினர்கள் இருந்தார்கள். யாரும் அதைத் திறக்கவில்லை.

"மாமி சிதம்பரத்துலேருந்து பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்காங்க டீச்சர்" என்றார் மீரா உசேன். "போன தடவை அவங்க வர்றதுக்கு முந்தி தொறந்துட்டேன். மூணு வருஷமாச்சு, இன்னும் நல்ல போர்வையை யாருக்குக் கொடுத்தேன்னு கேட்டுக்கிட்டிருக்காங்க."

"தம்பி, ஃபைல் மேலாகத்தானே இருக்கும்? ஓரமா ஒரு கைய மட்டும் விட்டு..."

"ஐயோ, வாணாம் டீச்சர். நான் இங்க வாழணும்."

டீச்சர் இரண்டு டீயும் ஒரு தட்டு சமோசாவும் சாப்பிட்டுக் காத்திருந்தார். நாலரைக்கு மாமி கமருன்னிஸா வந்தார். கயிறு அறுந்தது. போர்வை, சோப்பு, பால்பவுடர், டார்ச் லைட். எல்லாவற்றுக்கும் அடியில், இரண்டு போர்வைகளுக்கு நடுவே, அந்தப் பச்சை ஃபைல். கமருன்னிஸாதான் முதலில் எடுத்தார்.

"இது யாருக்கு வாங்குனது?"

"எனக்கும்மா."

அவர் பிரித்துப் பார்த்தார். டீச்சரை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு வெறும் பேப்பரா?" என்று மருமகனைத் திட்டிவிட்டு, தன் பங்கிலிருந்து ஒரு சோப்பை எடுத்து டீச்சர் கையில் வைத்தார்.

மறுநாள் நாகப்பட்டினத்தில் சரிபார்த்த அலுவலர் முதலில் ஃபைலை முகர்ந்தார். "என்னம்மா இது, கல்யாண வீடு மாதிரி மணக்குது?"

"சார்ஜாவுலேருந்து வந்தது சார்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒவ்வொரு தாளாகப் பார்த்து வந்தவர் பத்தாம் வகுப்பில் நின்றார். "மேத்ஸ் நாப்பத்தி மூணு. மேத்ஸ் டீச்சர்."

"ஆமாங்க சார்."

"ம்." பச்சை மையில் கையெழுத்து விழுந்தது. அவ்வளவுதான். பதினாறு வருடம் மறைத்த விஷயத்துக்கு அரசாங்கம் ஒரு ‘ம்’ செலவழித்தது.

வியாழக்கிழமை அரையாண்டுத் தாள்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்பு இர்ஃபானாவுக்கு முப்பத்தொன்று. தாளை வாங்கியவள் நாலாக மடித்து, அதையும் மடித்து, உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். டீச்சரின் வசனம் வருவதற்காகத் தலையைக் குனிந்து காத்திருந்தாள். வகுப்பு மொத்தமும் காத்திருந்தது.

சுடர்விழி வாயைத் திறந்தார். மூடினார். கைப்பையிலிருந்து பச்சை ஃபைலை எடுத்து, ஒரு தாளை உருவி, இர்ஃபானாவின் மேசையில் வைத்தார்.

"சத்தமாப் படி."

"சுடர்விழி. வீ. தமிழ் எழுபத்தாறு, ஆங்கிலம் ஐம்பத்தொண்ணு, கணிதம்..." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சர், நாப்பத்தி மூணுன்னு போட்டிருக்கு."

"சரியாத்தான் போட்டிருக்கு."

பின்வரிசையிலிருந்து ரிஃப்கா கேட்டாள். "அப்ப அந்தத் தொண்ணூத்தெட்டு டீச்சர்?"

"அது பொய்."

வகுப்பு சிரித்த சிரிப்பில் தாளாளரே வந்து, "தமிழ்ல சிரிக்காதீங்க!" என்றார். இர்ஃபானா கையை விரித்துத் தாளைப் பிரித்தாள். "எனக்குப் பன்னெண்டு மார்க்தான் கம்மி டீச்சர்" என்றாள். கழித்தல் சரியாக இருந்தது.

மார்ச் பொதுத்தேர்வில் இர்ஃபானா ஐம்பத்தெட்டு வாங்கினாள். மே மாதத்தில் பிள்ளை பிடிக்கப் போன ஜெக்கரியா, டீச்சரிடம் கேட்காமலே ஒரு ஜெராக்ஸைக் கொண்டுபோய், "எங்க கணக்கு டீச்சர் மார்க்கைப் பாருங்க, உங்க பிள்ளைக்கு என்ன பயம்?" என்று சொல்லி நாலு பேரைச் சேர்த்தார். ஜூனில் பணி ஆணை வந்தது. கோடியக்கரைப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப்பள்ளி.

"போறதுதான் போறீங்க, அந்த ஒரிஜினலை மட்டும் இங்க விட்டுட்டுப் போகக்கூடாதா?" என்றார் ஜெக்கரியா. "அதுக்கு இங்க நல்ல பேருங்க டீச்சர்."

சுடர்விழி பதினோரு கால்குலேட்டரையும் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தார். கோடியக்கரைக்குப் போகும் பஸ்ஸில் பெட்டியை மேலே போட்டார். ஃபைலை மடியில் வைத்து, வேதாரண்யம் தாண்டும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார்.