சந்தனம் வைத்த ஃபிளாப்பி

சந்தன வாசனை வந்தாலே எனக்கு ஃபிளாப்பி ஞாபகம் வந்துவிடும். சிரிக்காதீர்கள்... கதையைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சென்னையை ஒட்டிய திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் எனக்கு முதல் வேலை. சிட்லபாக்கத்திலிருந்து பஸ் மாறிப் போவேன். ஷெட் முழுக்க வெல்டிங் புகை, கிரைண்டர் சத்தம்... ஓரத்தில் மட்டும் ஏசி போட்ட ஒரு கண்ணாடி அறை. செருப்பை வெளியே விட்டுத்தான் நுழைய வேண்டும். அந்தக் கருவறையில் எங்கள் கம்ப்யூட்டர்! நானும் பெருங்களத்தூரிலிருந்து வேலைக்கு வரும் ஸ்டெல்லாவும்தான் அதற்குப் பூசாரிகள்.

ஹார்ட் டிஸ்க் மொத்தமே இருபது எம்பி. இன்றைக்கு வாட்ஸப்பில் வரும் குட்மார்னிங் வீடியோ நாலைந்து போட்டால் நிரம்பிவிடும். அதனால் டிராயிங் எல்லாம் ஃபிளாப்பியில்தான். அப்பளம் மாதிரி மெலிசான, வளைந்துகொடுக்கிற பெரிய ஃபிளாப்பி. கறுப்பு உறையில் நீளமாக ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியே உள்ளிருக்கும் வட்டு பளபளவென்று தெரியும். அங்கே விரல்கூடப் படக் கூடாது.

அந்தச் சமயம் யூனிட்டுக்கு முதல் பெரிய ஆர்டர் வரவிருந்தது. மூன்று வாரம் மாங்கு மாங்கென்று உட்கார்ந்து அவர்கள் கேட்ட எண்ணெய் டேங்குக்கு டிராயிங் போட்டிருந்தோம். ஒரு ஃபிளாப்பியில் அசல், இன்னொன்றில் காப்பி. விஜயதசமி மதியம் ஆர்டர் கொடுப்பவர்கள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. டிராயிங் இல்லையென்றால் ஆர்டர் வேறு ஷெட்டுக்குப் போய்விடும்.

முந்தின நாள் ஆயுத பூஜை. முதலாளி ஏகாம்பரம் சார் நிலத்தை விற்று அந்த ஷெட்டைப் போட்டவர். லேத், டிரில்லிங் மெஷின், டெம்போ எல்லாவற்றுக்கும் தன் கையாலேயே சந்தனம் வைத்தார். நாங்கள் பொரிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கண்ணாடி அறைக்குள்ளும் ஒரு நடை போய்வந்தார்.

மறுநாள் நல்ல நேரம் பார்த்து அசலைப் போட்டேன். கர்ர்ர்... கர்ர்ர்... ஃபிளாப்பியைப் படிக்க முடியாமல் 'அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?' என்று திரை கேட்டது. வெளியே எடுத்தால்... போடும்போது நான் கவனிக்காத அந்தத் திறப்பில், பளபளப்பின் மேலேயே இழுபட்ட சந்தனப் பொட்டு! சுழன்ற வேகத்தில் வட்டு முழுக்கக் கீறல். பதறிப்போய் காப்பியை எடுத்தேன். அதிலும் பொட்டு!

"சார்... இதுல யாரு சந்தனம் வெச்சது?"

"நான்தாம்மா. அதுவும் ஆயுதந்தானே? வெக்கிறதுக்குன்னே எடம் வுட்டு வெச்சிக்கீறான், அங்கயே வெச்சேன். இன்னா, எதுனா பேஜாராயிடுச்சா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த முகத்தைப் பார்த்துத் திட்டவும் முடியவில்லை.

ஸ்டெல்லாதான் சட்டென்று என் தோளைத் தட்டினாள்.

"ஏய், வீட்ல பாட்டு கேசட் உடைஞ்சா என்ன பண்ணுவோம்? டேப்பை மட்டும் எடுத்து வேற கேசட்ல மாத்த மாட்டோம்? இதுவும் அதே மாதிரிதானடி!"

அவ்வளவுதான், பரபரவென்று இறங்கிவிட்டோம். இன்னும் சுழலாததால் கீறல் விழாமலிருந்த காப்பியின் உறையை பிளேடால் ஓரத்தில் கீறி வட்டை உருவினோம். டெம்போ பேட்டரிக்கு வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டரில் அலசினோம். சந்தனம் கரைந்து போனது. இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து நான் ஃபேன் காற்றில் காயவைக்க, "யாரும் தும்மாதீங்கப்பா!" என்று ஏகாம்பரம் சார் வாசலில் காவல் நின்றார். ஸ்டெல்லா டிரைவின் உள்ளே ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். புது ஃபிளாப்பி ஒன்றைக் கீறி, அதன் உறைக்குள் எங்கள் வட்டைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளினேன்.

கர்ர்ர்... கர்ர்ர்...

ஒவ்வொன்றாக ஃபைல் பெயர்கள் திரையில் இறங்கின! நாங்கள் போட்ட கூச்சலில் வெல்டிங்கை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். மதியம் டிராயிங் கைமாறியது. ஆர்டர் எங்களுக்கே!

அதற்கப்புறம் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சார் சந்தனக் கிண்ணத்தோடு என் முன்னால் வந்து நிற்பார். "எங்க வெக்கலாம்மா?" சின்ன ஃபிளாப்பி வந்தது, சிடி வந்தது... எல்லாவற்றுக்கும் இடம் காட்டியவள் நான்தான்.

வேலையை விட்டுப் பல வருடமான என்னைப் போன வருடப் பூஜைக்குச் சார் கூப்பிட்டிருந்தார். யூனிட்டை இப்போது அவர் மகன் பார்த்துக்கொள்கிறான்.

"டிராயிங்லாம் எதுலடா கீது?"

"ஆன்லைன்லப்பா. எங்கயோ வெளிநாட்டு சர்வர்ல."

"எங்க கீதுன்னே தெரியாதா?"

கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார். என்னுடைய போட்டோக்களும் அப்படி எங்கேயோதான் இருக்கின்றன. பத்திரமாகத்தான் இருக்கின்றன... ஆனால் இரண்டு விரலால் பிடித்துப் பார்க்க ஒன்றுமில்லை.

சுவரில் வைஃபை பெட்டி பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது. சார் அதன் பக்கத்தில் போனார். விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இங்க வெக்கலாமாம்மா?"